மேப்பில் நம்ம தோட்டத்துக் கோயில்: எந்த மென்பொருளைக் கையில் எடுப்பது? ஒரு சின்ன வரலாறு



திருவிழா மாதம் வந்தாலே நம்ம புலனக் குழுக்களில் ஒரே கேள்விதான்: "கோயில் லொகேஷன் அனுப்புங்க." பட்டணத்துக் கோயில் என்றால் கவலை இல்லை. மலாக்கா ஜாலான் துக்காங் எமாசில் 1781-ல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தை எந்த மேப்பில் தேடினாலும் கிடைக்கும். தோட்டத்துக் கோயில் என்றால் பதில் வேற மாதிரி வரும். "சிம்பாங்ல வலது பக்கம் திரும்புங்க, பழைய ஆயாக்கொட்டகை தாண்டி செம்பனைக்குள்ள மண் ரோடு போகும், அதுல ரெண்டாவது வளைவு." ஆயாக்கொட்டகையை இடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு மட்டும்தான் அந்த வழி புரியும். ஷா ஆலாமில் பிறந்த அவர் பேரனுக்குப் புரியாது.

இதற்காகத்தான் நம்ம இளைஞர்கள் சிலர், தன்னார்வலர்களே வரைகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மலாக்கா மாநிலத்துத் தோட்டக் கோயில்களைப் பதியலாம் என்று பேசுகிறார்கள். உடனே அடுத்த கேள்வி: "அண்ணே, எந்த சாப்ட்வேர்ல செய்யறது? ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் வேற சொல்றார்." ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு கருவியும் ஏன் பிறந்தது என்று தெரிந்தால், எது நமக்கு ஏற்றது என்று நீங்களே முடிவு செய்வீர்கள். அதனால் கொஞ்சம் வரலாறு சொல்றேன், பொறுமையாகப் படியுங்க.

மலாக்காவுக்கு வரைபடம் புதுசு இல்லை. 1563-ல் இதே மலாக்காவில் பிறந்த மனுவேல் கொதிஞ்ஞோ தெ எரேடியா, 1613-ல் மலாக்காவைப் பற்றி எழுதிய நூலில் இந்த ஊரையும் சுற்று வட்டாரத்தையும் வரைந்து வைத்தார். அந்தக் காலத்தில் படம் வரைவது கோட்டைக்கும் கப்பலுக்கும். அரசுக்கு எது வேண்டுமோ அதுதான் தாளில் ஏறும்.

நம்ம தமிழ்நாட்டிலும் அதே கதைதான். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் ஒரு நேர்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய நில அளவைக்கு அதுதான் தொடக்கம். அவர் வைத்திருந்த தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி சுமார் அரை டன் எடை. தஞ்சாவூர்ப் பக்கம் மலை இல்லாத சமவெளி. உயரம் வேண்டுமே, என்ன செய்வது? கோயில் கோபுரத்தின் மேலேயே கருவியை ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக் கணக்கில் உட்கார்ந்து தானே அதைத் தட்டிச் சரிசெய்தார். கோபுரம் படம் வரைய உதவியது. ஆனால் அந்தக் கோபுரத்தின் கீழே கும்பிட்டு நின்றவர்களுக்கு அந்தப் படத்தில் என்ன வர வேண்டும் என்று சொல்ல வழி இல்லை. கருவி அவ்வளவு பெரிசு, அவ்வளவு விலை. அரசாங்கம் மட்டுமே வைத்திருக்க முடியும்.

இப்போது நம்ம தோட்டத்துக்கு வருவோம். 1896-ல் தான் சே யான் என்ற மலாக்கா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய அளவில். மலாயாவில் ரப்பர்த் தோட்டத் தொழில் இப்படி நம்ம மாநிலத்தில்தான் வேர் பிடித்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் கங்காணிகள் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் வந்தார்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற குடியேற்றத்தை நிறுத்தும் வரை கப்பல் ஓடியது. வந்தவர்கள் லயத்தில் குடியேறினார்கள். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் மாரியம்மனோ, முனியாண்டியோ, மதுரைவீரனோ வந்து அமர்ந்தார்கள்.

நிர்வாகத்திடம் தோட்டப் படம் இருந்தது. அதற்கு வேண்டியது வெளிக்காட்டு எண், ஏக்கர், பால் கொட்டகை, ரோடு. நம்ம ஆளுங்க வைத்த பெயர்கள் அதில் ஏறவில்லை. எந்தக் கம்பெனி என்ன பெயர் வைத்தாலும் நம்ம மக்கள் மைல் கல்லை வைத்து மூணாங்கட்டை, ஏழாங்கட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். நாடு கிலோமீட்டருக்கு மாறிய பிறகும் 'கட்டை' போகவில்லை. மலாய்க்காரர்கள் 'பத்து' என்று சொல்வதும் அதே கல்தான்.

ரப்பர் போய் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்னும் பல தோட்டங்கள் தாமான் ஆகின, தொழிற்பேட்டை ஆகின. மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்குக் கூடுகிறோம். வழி தெரிந்தவர்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைப் பதிய நமக்கு இருக்கிற காலம் ரொம்ப இல்லை.

சரி, தன்னார்வல வரைபடம் எப்போது வந்தது? 2004-ல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். பிரிட்டனில் அரசாங்க வரைபடத் தகவலைக் காசும் நிபந்தனையும் இல்லாமல் பயன்படுத்த முடியவில்லை. 'நாமே நடந்து வரைவோம், எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்போம்' என்று ஆரம்பித்தார்கள். நம்ம ஊர் கோத்தோங் ரோயோங் மாதிரிதான்.

வரைய ஒரு கருவி வேண்டுமே. 2005-ல் இம்மானுவேல் ஷோல்ஸ் ஜோசம் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். ஜாவாவில் எழுதியது, கணினியில் நிறுவ வேண்டும். பகுதியை இறக்கிக்கொண்டு, இணையம் இல்லாமலேயே வரைந்து, பிறகு மொத்தமாக ஏற்றலாம். தப்பு இருந்தால் ஏற்றுவதற்கு முன்னாலேயே சுட்டிக்காட்டும். சக்தி அதிகம், ஆனால் முதல் தடவை திறப்பவருக்கு விமானி அறையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

எல்லாராலும் அதைப் பழக முடியவில்லை. அதனால் 2007-ல் ரிச்சர்ட் ஃபேர்ஹர்ஸ்ட் போட்லாட்ச் என்ற கருவியைக் கொடுத்தார். உலாவியிலேயே திறக்கும், நிறுவ வேண்டியதில்லை. போட்லாட்ச் என்பது வட அமெரிக்கப் பூர்வகுடிகளில் சிலர், தங்களிடம் இருப்பதை வந்தவர்களுக்கு வாரி வழங்கும் விருந்தின் பெயர். நல்ல பெயர்தான். ஆரம்பத்தில் அதில் கோட்டை இழுத்தவுடனே அது உலக வரைபடத்திலேயே மாறிவிடும். கைதவறினால் கோயில் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்! பிறகு 'சேமி' என்று சொன்னால் மட்டும் ஏறும்படி மாற்றினார்கள். ஒரு கருவி சுலபமாக இருந்தால் மட்டும் போதாது, தப்பைத் தாங்கிக்கொள்ளவும் வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

போட்லாட்ச் ஃப்ளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் ஓடியது. 2020 கடைசியில் ஃப்ளாஷையே நிறுத்திவிட்டார்கள், உலாவியில் போட்லாட்சும் நின்றது. நல்லவேளை, அதற்கு முன்னாலேயே வேறு கருவி தயார். அதே ஃபேர்ஹர்ஸ்ட் 2012-ல் அடித்தளம் போட்டு, மேப்பாக்ஸ் நிறுவனத்தினர் நைட் அறக்கட்டளையின் நிதியுதவியோடு வளர்த்து, 2013-ல் வெளிவந்தது ஐடி. இது அடையாள அட்டையும் இல்லை, கணினித் துறையும் இல்லை, மென்பொருளின் பெயரே அதுதான். இன்றைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் 'திருத்து' என்று அழுத்தினால் முதலில் திறப்பது இதுதான். தொடக்கத்திலேயே பயிற்சிப் பாடம் இருக்கிறது. ரொம்ப காலமாக ஒரு நிலவரம்: அதிகம் பேர் பயன்படுத்துவது ஐடி, அதிக வேலை நடப்பது ஜோசத்தில். அது நமக்கும் ஒரு குறிப்பு.

இன்னொரு கதையையும் மறக்கக் கூடாது. 2008-ல் கூகுள் நிறுவனம் மேப் மேக்கர் என்ற கருவியைத் திறந்தது. பொதுமக்களே ஊரை வரையலாம், ரொம்ப சுலபம். உலகம் முழுக்கப் பலர் நேரம் செலவழித்து வரைந்தார்கள். 2017 மார்ச் கடைசியில் அந்தக் கருவியை மூடிவிட்டார்கள். வரைந்தது கம்பெனியின் மேப்பில் சேர்ந்தது. வரைந்தவர்கள் கையில் அதன் முழுப் பிரதி இல்லை. போட்லாட்ச் நின்றபோது அப்படி ஆகவில்லை. தகவல் பொதுவில் இருந்ததால் வேறு கருவியில் திறந்து வேலையைத் தொடர்ந்தார்கள். அன்பர்களே, கருவி இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். அதில் போட்ட தகவல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. உண்டியல் சாவி யாரிடம் என்று கேட்கிற மாதிரிதான் இது.

சுலபத்துக்கும் ஒரு நேரம் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் ஒரு வெள்ள வரைபடத்தைத் தன்னார்வலர்கள் திறந்தார்கள். தண்ணீர் நிற்கிற தெருவைத் தொட்டால் போதும், அது நிறம் மாறும். மேப்பே தெரியாதவர்கள் தங்கள் தெருவைத் தொட்டார்கள். ஆனால் அப்படித் தொடுவதற்கு அந்தத் தெரு ஏற்கெனவே வரையப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? பல வருஷம் பொறுமையாகத் தெருக்களை வரைந்த கைகள் பின்னால் இருந்தன. ஒரு தொடுகைக்குப் பின்னால் ஆயிரம் மணி நேரம்.

கைத்தொலைபேசி வந்த பிறகு வேலை காட்டுக்கே போனது. 2009-லிருந்து ஆண்ட்ராய்டில் வெஸ்பூச்சி இருக்கிறது, ஏறக்குறைய எல்லாவற்றையும் திருத்தலாம். ஐபோனுக்கு கோ மேப். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்பது உங்களிடம் கேள்வி கேட்கும். 'இந்த ரோடு தார் ரோடா, மண் ரோடா?' நீங்கள் பதில் சொன்னால் போதும். 2022-ல் வந்த எவ்ரி டோர், கடை, கோயில் மாதிரி இடங்களைப் போட ஏற்றது, இரண்டு வகைப் போனிலும் ஓடும்.

இப்போது நம்ம நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்போம். செம்பனைக் காட்டில் மூன்று சிரமங்கள். ஒன்று, மட்டை மூடிக்கொள்வதால் செயற்கைக்கோள் படத்தில் சின்னக் கோயிலும் மண் ரோடும் தெரியாது. நேரில்தான் போக வேண்டும். இரண்டு, பல இடங்களில் லைன் கிடைக்காது. மூன்று, மரத்தடியில் ஜி.பி.எஸ் கொஞ்சம் தள்ளித்தான் காட்டும். அதனால் ஒரே கருவியில் எல்லாம் செய்ய நினைக்க வேண்டாம். என் யோசனை இதுதான்.

தோட்டத்துக்குப் போகிறவர்கள்: எவ்ரி டோர் அல்லது வெஸ்பூச்சி. பட்டணத்தில் வைஃபை இருக்கும்போதே அந்தப் பகுதியை இறக்கிக்கொள்ளுங்க. கோயில் முன்னால் வானம் தெரிகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று புள்ளியைப் போடுங்க. பெயர்ப்பலகையைப் படம் எடுங்க. திரும்பி வந்து லைன் கிடைத்ததும் ஏற்றலாம்.

மண்டபத்தில் பெரியவர்களோடு உட்காருகிறவர்கள்: மடிக்கணினியில் ஐடி. பெரிய திரை, பின்னால் செயற்கைக்கோள் படம். "தாத்தா, இது ஆறு. இது ரோடு. பழைய லயம் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுவார். கருவி எவ்வளவு எளிதோ அவ்வளவு நேரம் பேச்சுக்குக் கிடைக்கும். படம் கொஞ்சம் நகர்ந்திருந்தால் பின்னணியைச் சரிசெய்யும் வசதியும் அதில் உண்டு.

மொத்தத்தையும் சரிபார்க்க ஒருவரோ இருவரோ: ஜோசம். ஒரே கோயில் இரண்டு தடவை விழுந்திருக்கா, ரோடு ரோட்டோடு சேராமல் நிற்கிறதா, பெயரில் எழுத்துப் பிழையா என்று பார்க்க அதற்கு நிகர் இல்லை. எல்லாரும் பழக வேண்டிய அவசியம் இல்லை. பரிமாற இருபது பேர் இருந்தாலும் உப்பு பார்க்க ஒருவர் போதும்.

ஒன்றுமே வேண்டாம், ஆனால் உதவணும் என்கிறவர்கள்: தளத்தில் 'குறிப்பு' போடும் வசதி இருக்கிறது. "இங்கே காளியம்மன் கோயில் இருக்கு" என்று அந்த இடத்தில் எழுதி வைத்தால், வேறொருவர் பார்த்துச் சரியாகச் சேர்ப்பார்.

பெயர் எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. முதன்மைப் பெயரில் பலகையில் இருப்பதை அப்படியே போடுங்க. தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு, மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். 'ஏழாங்கட்டை' மாதிரி மக்கள் வழக்குக்கும், பழைய பெயருக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. தமிழில் தட்ட சங்கடப்பட வேண்டாம். முரசு அஞ்சலும் செல்லினமும் நம்ம நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியவை. கணினியிலும் போனிலும் தமிழ் எழுத வழி செய்ததில் மலேசியத் தமிழருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வசதியை வைத்துக்கொண்டு தோட்டப் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் போட்டு விடுவது நியாயமா?

சில கட்டுப்பாடுகளும் உண்டு, தயவுசெய்து கவனிங்க.

கூகுள் மேப்பைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது. அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்தும் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. கண்ணால் பார்த்தது, பெரியவர் சொன்னது, அனுமதி பெற்ற செயற்கைக்கோள் படம், இவை போதும். தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்ளே போவதற்கு முன் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்க. கோயில் நிர்வாகத்தைக் கேட்காமல் பதிய வேண்டாம். தனிப்பட்டவர் வீடு, பெயர், போன் எண் எதுவும் வேண்டாம். கோயில் எந்த ஆண்டு கட்டியது என்பதைக் கல்வெட்டோ பத்திரமோ இருந்தால் மட்டும் எழுதுங்க. 'நூறு வருஷக் கோயில்' என்று ஆசைக்கு எழுதினால், உண்மையிலேயே நூறு வருஷம் ஆன கோயிலின் பேச்சும் எடுபடாது.

முக்கியமாக ஒன்று. மேப்பில் இருப்பது நிலப்பட்டா ஆகாது. தோட்டம் கைமாறும்போது கோயிலை இடம் மாற்றச் சொல்கிற சங்கடம் நம்ம சமூகத்துக்குப் புதுசு இல்லை. அந்தப் பேச்சு நில அலுவலகத்தில், பத்திரத்தோடு, முறையாக நடக்க வேண்டியது. மேப் அதற்குப் பதில் ஆகாது. ஆனால் 'அங்கே ஒரு கோயில் இருக்கா?' என்று யாரும் கேட்க முடியாத நிலையை அது உண்டாக்கும். எந்தத் தேதியில் சேர்த்தோம், என்ன மாற்றினோம் என்ற முழு வரலாறும் அங்கே பதிவில் நிற்கும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: "இடிச்ச லயத்தை, மூடிய தோட்டத்தைப் போடலாமா?" ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கூடாது. இன்று தரையில் இருப்பதற்கு மட்டுமே அங்கே இடம். அதற்கென்றே ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனி வரைபடம் இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் தொடக்க ஆண்டும் முடிவு ஆண்டும் கொடுக்கலாம். கால வரிசையை நகர்த்தினால் லயம் தோன்றும், மறையும். அதிலும் வரைவது இதே ஐடியில்தான், பழகிய கை அப்படியே உதவும். பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, பழைய தமிழ்ப்பள்ளி, கூத்து நடந்த திடல் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு.

ஆகவே சுருக்கம் இதுதான். தகவல் பொதுவில் இருக்கிற இடத்தில் வரைவோம். காட்டுக்குப் போன், பெரியவர்களுக்கு ஐடி, சரிபார்க்க ஜோசம், மறைந்ததற்குத் தனி வரைபடம். லாம்டனுக்கு அரை டன் கருவியும் கோபுரமும் தேவைப்பட்டது. நமக்கு ஒரு போனும், வழி தெரிந்த ஒரு பாட்டியும் போதும். இதில் போன் எப்போதும் கிடைக்கும்.

ஜாசின், அலோர் காஜா, மலாக்கா தெங்கா, எந்த மாவட்டமானாலும் சரி. உங்க தோட்டத்தை உங்க வீட்டுப் பெரியவர்கள் தமிழில் எப்படிக் கூப்பிட்டார்கள், அங்கே எந்த சாமி, இப்போது அந்த இடம் என்னவாக இருக்கிறது, இந்த மூன்றையும் கீழே எழுதுங்க. தெரியாவிட்டால் இந்த வாரமே கேட்டுவிட்டு எழுதுங்க.

எல்லாரும் நலமாக இருக்க அம்மன் துணை.